அன்சியோ அடித்த மூங்கில் முளைகள்

கடாலாவைச் சாதுப் பறவை என்று சொல்பவன் அதன் பொந்துக்குள் ஒரு நாளும் கை விட்டிருக்க மாட்டான். அன்சியோவின் வலது சுட்டுவிரலில் நகமும் இல்லை, நகம் இருக்க வேண்டிய கணுவும் இல்லை. பத்தொன்பது வயதில், கலம்பாய்த் தீவின் தென்முனையில், ஏழு ஆள் உயரத்தில் இடுப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டு பொந்தைத் துழாவினான். உள்ளே பெட்டை இருந்தது. பாக்குவெட்டியில் பாக்கு விழுகிற சத்தம்தான் கேட்டது. விட்டானா? இடது கையை விட்டு மூன்று குஞ்சுகளையும் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்கினான். வீட்டுக்கு வந்த பிறகுதான் வலித்தது என்பான். அது பொய். இறங்கும்போதே கால்சட்டை நனைந்துவிட்டதாக அவன் மச்சான் சாந்தோ ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டான்.

காக்கையைவிடக் கொஞ்சம் பருத்த வெள்ளைக் கொண்டைக்கிளி அது. வாலடியில் மட்டும் குங்குமம் கொட்டியதுபோல் சிவப்பு. குஞ்சாகப் பிடித்து வளர்த்தால் பேசும். அதுதான் அதன் தலைவிதி. பட்டணத்தில் யாரோ ஒரு வீட்டுக்காரி கூண்டுக்கு வெளியே நின்று கொஞ்சுவதற்காகக் கலம்பாயில் விரல் போனவர்கள், கை போனவர்கள், உயிர் போனவர்கள் உண்டு.

கலம்பாயில் ஆள் குடியிருப்பு இல்லை. அன்சியோவின் ஊரான சான் ரோக்கேயின் கரையிலிருந்து துடுப்புப் போட்டால் ஒரு பானை சோறு வேகிற நேரம். சுற்றிலும் அலையாத்திக் காடு, நடுவே மேட்டில் துங்கோன் மரங்கள். மூங்கிலை முழத்துக்கு நறுக்கி, நெருப்பில் வாட்டிக் கூர்சீவி, மரத்தில் அடித்து அடித்து அதன்மேலே கால் வைத்து ஏறுவார்கள். முளை என்றால் இதுதான். முளை யாருடையதோ மரம் அவனுடையது. மரம் யாருடையதோ வருஷா வருஷம் அதில் பொரிக்கிற குஞ்சு அவனுடையது. பத்திரமும் கிடையாது, பட்டாவும் கிடையாது. ஒவ்வொருவனுக்கும் முளையின் தலையை வெட்டுவதில் ஒரு தனி அடையாளம் இருந்தது. அன்சியோ சாய்வாக வெட்டுவான். சாந்தோ தலையடியில் மோதிரம்போல் ஒரு வளையம் கீறுவான். அடுத்தவன் முளைமேல் கால் வைத்தவனை என்ன செய்தாலும் ஊர் கேட்காது. முந்தோ என்று ஒருவன் அப்படி ஏறினான். மரத்துக்காரன் அதற்கு முந்தின வாரமே ஒரு முளையைப் பாதி அறுத்து வைத்திருந்தான். முந்தோவைப் புதைத்தபோது அவன் சொந்த அண்ணனே மரத்துக்காரனுக்குக் கள் ஊற்றிக் கொடுத்தான். வழக்கம் அவ்வளவு இறுக்கம்.

மனிதனைவிடப் பறவை ஒன்றும் மேல் இல்லை. பொந்துக்காக இரண்டு ஜோடிகள் மோதிக்கொள்வதை அன்சியோ எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். அலகை அலகால் கவ்விக்கொண்டு கல்லைப்போல் விழும். தரையில் விழுந்தும் விடாது. ஒரு மாசி மாதத்தில் தோற்ற ஆணுக்குக் கண் தோண்டப்பட்டிருந்தது. ஜெயித்த ஜோடி உள்ளே போய் அங்கிருந்த இரண்டு குஞ்சுகளையும் கொத்திக் கிழித்து வெளியே தள்ளிவிட்டுத் தன் முட்டையை வைத்தது. அதையும் இருபதாம் நாள் மலைப்பாம்பு தின்றது. குஞ்சு பொரித்தால் முதலில் வந்தது கொழுக்கும், மூன்றாவதாக வந்தது பசியில் கழுத்தை நீட்டிக்கொண்டே சாகும். தாய் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

இதையெல்லாம் மீறி அந்தக் காலத்தில் சாயங்காலத்தில் தீவே வெளுத்துப்போகும் அளவுக்குப் பறவை இருந்தது. பிறகு இல்லை. ஒரு வருஷம், பறவை அழியாமல் காக்கிற வேலையிலிருந்த படித்த ஆட்கள் வந்து எண்ணினார்கள்; ஊர் அவர்களைப் பறவைக்காரர்கள் என்றது. இருபத்து மூன்று. மரம் தெரிந்தவன்தான் காவலுக்கு வேண்டும், மரம் தெரிந்தவனெல்லாம் திருடன். ஆகவே திருடனையே காவலுக்குக் கேட்டார்கள். அன்சியோ மனம் திருந்தியெல்லாம் சேரவில்லை. முழங்கால் நோக ஆரம்பித்திருந்தது. குஞ்சுக்குச் சோறு மென்று ஊட்டி ஊட்டி வாய்ப்புண் வந்துவிட்டதாக மனைவி பெலிசாவும் கத்திக்கொண்டிருந்தாள். மாதம் பிறந்தால் அரிசி வரும் என்றார்கள். சேர்ந்தான்.

தீவில் கூடு வைக்கிற மரங்கள் ஒன்பது. நான்கு அன்சியோவினுடையவை. ஐந்து சாந்தோவினுடையவை. சாந்தோ பெலிசாவின் அண்ணன். கோபக்காரன், ஆனால் சொன்ன சொல் மாறாதவன். அவனிடம் போய் இனி ஏறாதே என்று அன்சியோ சொன்னபோது அவன் மீன் குடல் எடுத்துக்கொண்டிருந்தான்.

“என் மரத்துல நான் ஏற உங்கிட்ட சீட்டு வாங்கணுமா மாப்ள? சட்டை மாட்டிவிட்டா திருடன் போலீசாயிருவானா?”

அடுத்த வாரமே ஏறப் போனான். அன்சியோ மரத்தடியில் நின்றான். பேச்சு நீளவில்லை. சாந்தோவின் வெட்டுக்கத்தி அன்சியோவின் தோள்பட்டையில் எலும்பு தெரியும்வரை இறங்கியது. அன்சியோவின் கத்திப்பிடி சாந்தோவின் மூக்கை இன்றைக்கும் இடப்பக்கமாகவே வைத்திருக்கிறது. இருவரும் ஒரே படகில்தான் கரைக்கு வந்தார்கள், ஏனென்றால் மற்றதில் தண்ணீர் ஏறிவிட்டிருந்தது.

பெலிசா புருஷனுக்குக் கட்டுப்போட்டுவிட்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். வாசற்படியில் உட்கார்ந்தாள். திட்டவும் இல்லை, அழவும் இல்லை. அவர்கள் வைத்த சோற்றையும் தொடவில்லை. மூன்றாம் நாள் காலையில் சாந்தோ தீவுக்குப் போய் ஐந்து மரத்து முளைகளையும் பிடுங்கி ஒரு கட்டாகக் கொண்டுவந்து அவள் காலடியில் எறிந்தான்.

“எடுத்துட்டுப் போயி அடுப்பெரி. இனிமே உன் புருஷன் மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்.”

அப்படித்தான் ஒன்பது மரத்திலும் சாய்வாக வெட்டிய முளைகள் ஏறின. பறவைக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். காவல்காரனே ஏணி கட்டி வைப்பானா என்று கேட்டார்கள். அன்சியோவுக்கு அவர்களைப் பார்த்தால் பாவமாக இருந்தது. சர்க்கார் பலகையைச் சான் ரோக்கேக்காரன் விறகுக்குப் பிளப்பான். முளையைத் தொட மாட்டான். இது படித்தவனுக்கு எப்படிப் புரியும்?

ஆறு வருஷம் அவன் நினைத்ததுதான் நடந்தது. இரவில் காவல் கிடையாது, அன்சியோ வீட்டில் நிம்மதியாகக் குறட்டை விட்டான். பகலில் போய் உடும்பை விரட்டுவான். விரட்டச் சொல்லித்தான் உத்தரவு, அவன் வெட்டிக் குழம்பு வைத்தான். பறவை நூற்றைத் தாண்டியது. காலையில் கூட்டமாகக் கடலைத் தாண்டிவந்து சான் ரோக்கேக்காரர்களின் முருங்கைக்காயை உரித்துத் தின்றுவிட்டுப் போகும். முருங்கைக்காரர்கள் அன்சியோவின் தாயைத் திட்டுவார்கள். அவன் தொப்பியைக் கழற்றிக் கும்பிடு போட்டுவிட்டு நடப்பான்.

ஏழாம் வருஷம் மழை பொய்த்தது. முருங்கை இலை கொட்டி மொட்டையாக நின்றது. கடாலாக்கள் தென்னங்குரும்பையைக் கடித்துத் துப்பின, அலையாத்திக் காயைத் தின்றன, ஒன்றையொன்று தின்னாத குறை. ஒன்பது பொந்துகளில் எட்டு அடுத்தடுத்து நாறின. அன்சியோ ஏறிப்போய்க் காய்ந்த குஞ்சுகளை எடுத்து எடுத்துப் போட்டான். ஓடைக்கரைத் துங்கோனில் மட்டும் இரண்டு பிழைத்தன. இறகு முளைத்துவிட்டது, இன்னும் பத்து நாளில் பறந்துவிடும். அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான். அந்த இரண்டும் போனால் தீவில் அந்த வருஷத்துக் குஞ்சு என்று ஒன்று இருக்காது.

மே மாதம், காலை வெயில் ஏறிவிட்ட நேரம். வலை உதறிக்கொண்டிருந்த சாந்தோ, மோட்டார் படகொன்று எதிரே கலம்பாயின் ஓடை வாய்க்குள் நுழைவதைக் கண்டான். ஊர்ப் படகல்ல. அன்சியோவின் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று சொன்னவன், வேலிக்கு வெளியே முதுகைத் திருப்பி நின்றுகொண்டு தங்கையிடம் சொன்னான்.

“உன் புருஷன் மரத்துக்கு வெளியூர்க்காரன் வந்திருக்கான். மூணு பேர்.”

கேட்ட அன்சியோ முதலில் அசையவில்லை. முளை இருக்கிறதே என்றான். பெலிசா பார்த்த பார்வையில்தான் உறைத்தது. வெளியூர்க்காரனுக்கு முளை என்றால் படிக்கட்டு. அவ்வளவுதான். இந்தச் சின்னக் கணக்கு ஏழு வருஷமாக அவன் மண்டைக்குள் ஏறவே இல்லை. கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினான். துடுப்புப் போட்ட வேகத்தில் பழைய தோள்வெட்டு வெடித்துவிடும்போல் இருந்தது.

நீர் வடிந்துகொண்டிருந்தது. ஓடையில் ஒருவன் மோட்டாரை உறும விட்டபடி படகில் இருந்தான். மரத்தடியில் இன்னொருவன், கையில் இரும்புக் குழாய். மேலே மூன்றாமவன் முளைமேல் கால் வைத்து, சொந்த வீட்டு மாடிக்குப் போகிறவன் மாதிரி ஏறி, தோள்வரை கையைப் பொந்துக்குள் விட்டிருந்தான். ஆண் கடாலா அவன் தலையைச் சுற்றி வீறிட்டுக்கொண்டிருந்தது. தீவில் உள்ள பறவையெல்லாம் அதோடு சேர்ந்து கத்தின. காது கிழிந்தது.

அன்சியோ கேட்ட முதல் கேள்வி ஒரு சான் ரோக்கேக்காரன் மட்டுமே கேட்கக்கூடியது.

“யார் முளை மேலடா நிக்கிறே?”

குழாய்க்காரன் விழித்தான். “என்ன பெருசு, குச்சிக்கா சண்டைக்கு வந்திருக்கே?” என்றான். சொல்லிக்கொண்டே வீசினான். குழாய் வாயில் பட்டது. முன்பற்கள் நாக்கின்மேல் உதிர்ந்தன. இரண்டாவது வீச்சுக்குக் கை ஓங்கியபோது அன்சியோ அந்தக் கையை வெட்டினான். முழங்கைக்குக் கீழே, கீரைத்தண்டு மாதிரி அல்ல, பச்சை விறகு மாதிரி. கத்தி மாட்டிக்கொண்டது, உதைத்து உருவ வேண்டியிருந்தது. அவன் தொங்குகிற கையை மற்றக் கையால் அணைத்துக்கொண்டு சேற்றில் விழுந்து எழுந்து படகுக்கு ஓடினான். படகுக்காரன் மேலே இருப்பவனுக்காகக் காத்திருக்கவில்லை.

மேலே இருப்பவனுக்கு இது எதுவும் தெரியாது. பறவைக் கூச்சலில் மோட்டார் போன சத்தம்கூட எட்டவில்லை. பொந்துக்குள் பெட்டை அவன் கையைக் கடித்துக்கொண்டிருந்தது, அவன் அதன் கழுத்தைத் திருகிக்கொண்டிருந்தான். அன்சியோ கத்தியை வாயில் கவ்வப் பார்த்தான். வாய் இல்லை. இடுப்பில் செருகிக்கொண்டு மூன்று ஆள் உயரம் ஏறினான். அங்கே, கொடி அடர்ந்து மறைத்த இடத்தில், நான்கு முளைகளை அடியோடு வெட்டினான். மேலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இறங்கி வந்து மரத்தடியில் நின்றான்.

பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரும்பியவன் அப்போதுதான் கீழே ரத்தமும் சேறுமாக நிற்கிறவனைப் பார்த்தான். கூட்டாளிகளைத் தேடினான். குரல் மாறியது.

“அண்ணே, குஞ்சை குடுத்துடறேன். கத்தியை கீழ போட்டுருங்க. இறங்கிடறேன் அண்ணே.”

“இறங்கு” என்றான் அன்சியோ.

ஒரு சொல் கூட்டிச் சொல்லியிருந்தால் போதும். வாய் உடைந்திருந்தது உண்மைதான். ஆனால் ‘இறங்கு’ என்று சொன்ன வாய் ‘நில்’ என்றும் சொல்லியிருக்கும். இதைப் பின்னால் யார் கேட்டபோதும் அன்சியோ மறைத்ததில்லை. அவன் நின்று பார்த்தான். மரத்தை அணைத்தபடி மேலே இருந்தவன் ஒவ்வொரு காலாக இறக்கினான். கால் முளையைத் தேடும், கிடைக்கும், அழுத்திப் பார்க்கும், இறங்கும். கொடிக்குள் போன கால் தேடியது. இன்னும் கொஞ்சம் கீழே தேடியது. வெறுங்காற்றில் ஒரு வட்டம் போட்டது. பிறகு கை வழுக்கியது. அலையாத்தி வேர் முட்களெல்லாம் ஈட்டிபோல் நிமிர்ந்து நின்ற இடத்தில் முதுகு பட விழுந்தான்.

சாந்தோ தன் படகில் பின்னாலேயே வந்து சேர்ந்தபோது பை அந்த மனிதனின் விலாவுக்கடியில் இருந்தது. உருவி எடுத்தான். ஒரு குஞ்சு நசுங்கிவிட்டது. மற்றது உயிரோடு சீறியது, அவன் கட்டைவிரலைக் கடித்தது. விழுந்தவன் மூச்சு வாங்கிக்கொண்டு, கால் எங்கே, கால் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தான். கால் அவனிடமே இருந்தது. அவனுக்குத்தான் தெரியவில்லை.

முதலில் ஆளைத் தூக்கு என்றான் சாந்தோ. வெயிலில் குஞ்சு செத்துவிடும், முதலில் அதைப் பொந்தில் வை என்றான் அன்சியோ. இருவரும் அங்கேயே கத்திக்கொண்டார்கள். கடைசியில் சாந்தோ குஞ்சைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். மரத்தடிக்குப் போய் முதல் முளையில் கை வைத்தவன் நின்றுவிட்டான். அந்த நிலைமையிலும் வழக்கம் வழக்கம்தான்.

“உன் முளை. கால் வெக்கட்டுமா?”

அன்சியோ ரத்தத்தைத் துப்பிவிட்டுத் தலையை ஆட்டினான்.

முளை வெட்டுப்பட்ட இடத்தைச் சாந்தோ இடுப்புக் கயிற்றைப் போட்டுத் தென்னை ஏறுகிறவன் மாதிரி தாண்டினான். பொந்திலிருந்து செத்த பெட்டையை எடுத்துக் கீழே போட்டான், குஞ்சை உள்ளே விட்டான், ஆணிடம் காதில் ஒரு கடி வாங்கினான், இறங்கினான். அத்தனைக்கும் அரைமணி நேரம் ஆனது. அதன் பிறகுதான் விழுந்தவனைப் படகில் ஏற்றினார்கள்.

பிழைத்துக்கொண்டான். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத மரக்கட்டை. தானாகவே விழுந்ததாகப் போலீசில் எழுதிக் கொடுத்தான். திருடப்போனவன் வேறு என்ன எழுதுவான்? பறவைக்காரர்கள் விஷயத்தை இத்தோடு விடு என்றார்கள். ஊரில் அன்சியோவின் தோளைத் தட்டாதவன் இல்லை. முளைக்கு மரியாதை கற்றுக்கொடுத்தான் என்றார்கள். பெலிசா ஒருத்திதான் கேட்டாள்.

“அவன் கால் தேடுறதப் பாத்துக்கிட்டேவா நின்னே?”

“ஆமா.”

“அப்புறம் அரைமணி நேரம் அவன சேத்துல போட்டுட்டு கிளிக்குஞ்சுக்கு வீடு கட்டுனீங்க, நீயும் எங்கண்ணனும்.”

அவள் கஞ்சியை வைத்துவிட்டு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். பல்லில்லாத வாயால் கஞ்சியைக்கூட அவனால் குடிக்க முடியவில்லை.

மறுநாள் தீவுக்குப் போய் முளைகளைப் பிடுங்க ஆரம்பித்தான். உச்சிவரை ஏறி, மேலே உள்ளதைப் பிடுங்கி எறிந்து, ஒரு படி இறங்கி, அடுத்ததைப் பிடுங்கி. எட்டு மரமும் வெறும் பொந்துகள், எதிர்ப்பில்லை. ஓடைக்கரைத் துங்கோனில் ஏறியபோது ஆண் கடாலா அவன் கழுத்தில் இறங்கியது. பெட்டை போனபின் அது ஒன்றே தீனி தேடி ஒன்றே ஊட்டியது, நெஞ்செலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் அன்சியோவின் காதைக் கிழித்தது, தொப்பியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேற்றில் போட்டது. கொத்துக்குமேல் கொத்து வாங்கிக்கொண்டு கடைசி முளையைப் பிடுங்கி இறங்கினான். ஒன்பது மரத்திலும் இப்போது ஓட்டைகள்தான் இருந்தன.

வழக்கப்படி முளையில்லாத மரம் யாருக்கும் சொந்தமில்லை. முதலில் அடிப்பவனுக்குச் சொந்தம். இது ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆகவே அன்சியோ வீட்டுக்குப் போகவில்லை. குஞ்சு இருந்த ஓடைக்கரை மரத்தடியில் பாய் விரித்தான். கத்தியை மடியில் வைத்துக்கொண்டு, பெலிசா யார் மூலமாகவோ கொடுத்தனுப்பிய குழைசோற்றை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதல் இரண்டு நாளும் இரண்டு படகுகள் ஓடைவாய் வரை வந்து, அவனைப் பார்த்துவிட்டு, மீன் பிடிக்க வந்ததுபோல் பாவனை செய்துவிட்டுப் போயின.

மூன்றாம் நாள் சாந்தோ வந்தான். தோளில் சுத்தியல். அன்சியோ எழுந்து நின்றான்.

“முளையில்லாத மரம் மாப்ள. அடிச்சா எனக்கு.”

“அடி. இந்தத் தடவ மூக்கோட விட மாட்டேன்.”

சாந்தோ அவனை மேலும் கீழும் பார்த்தான். உடைந்த வாய், கிழிந்த காது. திரும்பிப் படகுக்குப் போய், துருப்பிடித்த கூரைத் தகரம் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தான். கோழிக்கூட்டின்மேல் போட்டிருந்த தகரம். நெளிவைத் தட்டி நிமிர்த்தியிருந்தான். இரண்டு ஆள் உயரத்தில் மரத்தைச் சுற்றி அதை அடிக்கப் போவதாகச் சொன்னான். உடும்பும் ஏறாது, திருடனும் ஏற மாட்டான். அன்சியோவே ஏற முடியாது.

“எவனாவது ஏறி வழுக்கி விழுவான். ஒரு நாளாச்சும் கிட்ட இருந்து பாக்கணும்னு எனக்கும் ஆச இருக்காதா?”

அன்சியோ தகரத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தான். ஆணியடிக்கிற சத்தத்துக்கு ஆண் கடாலா பறந்து வந்து இருவரையும் முறைவைத்துக் கொத்தியது. வேலை முடிந்த பிறகு இருவரும் மரத்தின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்தார்கள். விழுந்தவனுக்குப் பிள்ளைகள் உண்டாமா என்று சாந்தோ ஒருமுறை கேட்டான். உண்டு என்றான் அன்சியோ. பிறகு கள்ளை ஊற்றிக் குடித்தார்கள். அன்சியோவுக்கு ஈறு எரிந்தது.

பதினோராம் நாள் முற்பகலில் குஞ்சு பொந்து வாசலுக்கு வந்தது. தகப்பன் தீனியை வாயில் வைத்துக்கொண்டு எதிர்மரத்தில் உட்கார்ந்து கத்தியது, கொடுக்கவில்லை. பசியெடுத்தால் வா என்பதுதான் அதன் பாடம். குஞ்சு வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்துவிட்டுப் பாய்ந்தது. பறந்தது என்று சொல்ல முடியாது. அலையாத்திக் கிளையில் போய் முட்டி, ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கியது. கூடவே தங்கிவிட்டிருந்த சாந்தோ எழுந்தான். அன்சியோ அவன் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். குஞ்சு அலகால் கிளையைக் கவ்வி, இறக்கையை அடித்து அடித்து மேலே ஏறியது. தகப்பன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தீனியைக் கொடுத்தது. சாயங்காலத்துக்குள் அது இன்னும் மூன்று முறை முட்டிக்கொண்டது, நான்காவது முறை முட்டவில்லை.

அன்சியோ பாயைச் சுருட்டினான். நீர் வடிய ஆரம்பித்திருந்தது. இன்னும் தாமதித்தால் படகை இடுப்பளவு சேற்றில் இழுக்க வேண்டியிருக்கும்.